ஏற்றத்தில் டிரைவ் ஷாஃப்ட் கழன்றுவிட்டது. கியரில் போட்டும் வண்டி ஏன் பின்னால் உருண்டது?

வேன்காரன் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. என்னுடையது பழைய வேன். எஞ்சின் முன்னால், இழுவை பின் சக்கரத்துக்கு, சாதாரண ஐந்து கியர் மேனுவல். கியர்பாக்ஸிலிருந்து பின்னுக்குச் சுழற்சியைக் கொண்டுபோவது, நடுவில் சென்டர் பேரிங்கில் தொங்கும் இரண்டு துண்டு ஷாஃப்ட் குழாய். போன வாரம் மலைப்பாதை ஏற்றத்தில் அந்த ஷாஃப்ட்டின் பின் முனை டிஃபரன்ஷியலை (சுழற்சியை இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி) விட்டுக் கழன்றுவிட்டது. யாருக்கும் அடியில்லை. ஆனால் அன்று நடந்த ஒன்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. அதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

இரண்டாவது கியரில் ஏறிக்கொண்டிருந்தேன். வண்டியில் அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகள், அப்புறம் மூட்டை முடிச்சுகள். வளைவு தாண்டி ஆக்சிலரேட்டரை மிதித்ததும் காலுக்கு அடியில் இரும்பால் ஓங்கி அடித்ததுபோல் ஒரு சத்தம், தொடர்ந்து தடதடவென்று இன்னும் சில அடிகள். எஞ்சின் அலறியது, வண்டி இழுக்கவில்லை. கால் பிரேக் பிடித்தது, ஓரமாக நிறுத்திவிட்டேன். எஞ்சினை அணைத்து, முதல் கியரில் போட்டு, கிளச்சை விட்டேன். பிரேக்கிலிருந்து காலை லேசாக எடுத்ததும் வண்டி பின்னால் நகர்கிறது! ஹேண்ட்பிரேக்கை முழுக்க இழுத்த பிறகுதான் நின்றது. மனைவி இறங்கிப்போய் இரண்டு பின் சக்கரத்துக்கும் பின்னால் கல் வைத்தாள்.

குனிந்து பார்த்தால் ஷாஃப்ட்டின் பின் முனை தார் ரோட்டில் கிடக்கிறது. முன் பாதி சென்டர் பேரிங்கில் அப்படியே இருக்கிறது. கழன்ற முனையில் கிராஸின் (ஷாஃப்ட் மடங்கிச் சுற்றுவதற்காக மூட்டில் இருக்கும் சிலுவைத் துண்டு) நான்கு கப்பில் ஒன்றைக் காணவில்லை. அது இருந்த குழியைச் சுற்றிச் செங்கல் தூள் மாதிரி துருப்பொடி. வண்டியின் அடித்தகட்டில் இரண்டு இடத்தில் நசுங்கல்.

சில வாரமாகவே வண்டி கிளம்பும்போது ‘டக்’ என்று ஒரு சத்தம் இருந்தது. காட்டிய இடத்தில் சஸ்பென்ஷன் புஷ் போய்விட்டது என்று மாற்றிக் கொடுத்தார்கள். சத்தம் குறையவில்லை.

கியரில் இருக்கும் வண்டி எப்படி உருளும்? அந்த இடத்தில் நான் வேறு என்ன செய்திருக்க வேண்டும்? இப்போது புது கிராஸ் போட்டுத் தரச் சொல்லியிருக்கிறேன். கூடவே எதையெல்லாம் பார்க்கச் சொல்ல வேண்டும்?


கிரீஸ்துணி எழுதியது:

தம்பி, உங்கள் வீட்டம்மா இறங்கிக் கல் வைத்தார் பாருங்கள், அன்றைக்கு அந்த ரோட்டில் நடந்ததிலேயே பெரிய வேலை அதுதான். பட்டறையிலும் ரெக்கவரி வண்டியிலும் என் வயதில் பாதி போயிருக்கிறது. ஷாஃப்ட் போன வண்டியில் ஆளுக்கு அடிபடுவது பெரும்பாலும் வண்டி நின்ற பிறகுதான்.

நிறுத்திய வண்டியைக் கியர் எப்படிப் பிடிக்கிறது? அணைந்த எஞ்சின் சுற்ற மறுக்கிறது. அந்த மறுப்பு கிளச், கியர்பாக்ஸ், ஷாஃப்ட், டிஃபரன்ஷியல், ஆக்சில் என்று வரிசையாகக் கைமாறிச் சக்கரத்துக்குப் போய்ச் சேர்கிறது. நடுவில் ஷாஃப்ட் இல்லையென்றால் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. கியர் முதலில் இருந்தால் என்ன, நியூட்ரலில் இருந்தால் என்ன, எல்லாம் ஒன்றுதான். ஆட்டோமேட்டிக் வண்டியிலும் இதே கதை. பார்க்கில் போட்டால் கியர்பாக்ஸுக்கு உள்ளே, வெளியே வரும் தண்டின் பல்சக்கரத்தில் ஒரு கொக்கி விழுகிறது. அதுவும் ஷாஃப்ட்டுக்கு முன்னால்தான் இருக்கிறது. சக்கரத்துக்கு அந்தக் கொக்கி விழுந்ததே தெரியாது.

உங்கள் வேனில் ஹேண்ட்பிரேக் பின் சக்கரத்தில் நேரடியாகப் பிடிப்பதால் தப்பித்தீர்கள். எல்லா வண்டியிலும் அப்படியில்லை. பழைய லேண்ட் ரோவர் டிஃபென்டரிலும் சில லாரிகளிலும் ஹேண்ட்பிரேக்கின் டிரம்மே கியர்பாக்ஸுக்குப் பின்னால், ஷாஃப்ட் தொடங்கும் இடத்தில் இருக்கும். அந்த வண்டியில் பின் ஷாஃப்ட் போனால் ஹேண்ட்பிரேக்கும் பின் சக்கரத்தை விட்டுவிடும். அதனால் யாருடைய வண்டியாக இருந்தாலும், ஹேண்ட்பிரேக் பிடித்துவிட்டது என்று நம்பி இறங்காதீர்கள். ஒருவர் கால் பிரேக்கில் இருக்கட்டும், இன்னொருவர் கட்டையோ கல்லோ வைக்கட்டும், அதற்கப்புறம் காலை எடுங்கள். தனியாக ஓட்டிக்கொண்டு வந்திருந்தால் வண்டி நிற்கும் முன்னரே, கொஞ்சம் உருட்டம் மிச்சமிருக்கும்போதே, ஸ்டீரிங்கைத் திருப்பிச் சக்கரத்தை ஓரக்கல்லிலோ மண்மேட்டிலோ முட்டவிட்டு நிறுத்துங்கள்.

அடுத்தது ஆக்சிலரேட்டர். சத்தம் கேட்ட நொடியில் காலை எடுத்துவிட வேண்டும். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் வண்டியில், சக்கரத்தின் சுற்றளவு 2 மீட்டர், டிஃபரன்ஷியல் நாலுக்கு ஒன்று (ஷாஃப்ட் நாலு சுற்றுக்குச் சக்கரம் ஒரு சுற்று) என்று வைத்தால், ஷாஃப்ட் நிமிஷத்துக்கு 2000 சுற்று சுற்றுகிறது. ஒரு முனை கழன்ற குழாய் அந்த வேகத்தில் சுழன்றால் பக்கத்தில் இருப்பதையெல்லாம் அடிக்கும். பக்கத்தில் என்ன இருக்கிறது? பின் பிரேக்குக்குப் போகும் பைப், ஹேண்ட்பிரேக் கேபிள், பல வண்டிகளில் டீசல் அல்லது பெட்ரோல் பைப். உங்கள் அடித்தகட்டில் இருக்கும் இரண்டு நசுங்கலும் அப்படி வந்தவைதான். அவற்றுக்குப் பக்கத்தில் போகும் பைப்பை விரலால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். சும்மா கண்ணால் பார்த்தால் போதாது. நசுங்கிய பிரேக் பைப் அன்றைக்குப் பிடிக்கும், பின்னால் ஒருநாள் விரிசல் விடும்.

பின் முனை கழன்றதால் அது ரோட்டில் உரசிக்கொண்டே பின்னால் வந்தது. முன் முனை கழன்றால் கதை வேறு. அந்த முனை தரையில் குத்தும், வண்டியோ முன்னால் ஓடிக்கொண்டிருக்கும். குழாய் முட்டுக்கொம்பு மாதிரி நிமிர்ந்து பின்பக்கத்தையே தூக்கிவிடப் பார்க்கும். பந்தய வண்டிகளில் ஷாஃப்ட்டின் முன் பாகத்தைச் சுற்றி ஓர் இரும்பு வளையம் போட்டிருப்பார்கள். கழன்றாலும் தரையில் விழாமல் தாங்குவதற்குத்தான் அது. அடிக்கடி பாரம் ஏற்றி மலை ஏறும் வேனுக்கு அப்படி ஒன்று போடலாமா என்று கேட்டால், தாராளமாகப் போடலாம் என்பேன். ஆனால் ஷாஃப்ட் மேலும் கீழும் ஆடுவதற்கு இடம் விட்டுப் போட வேண்டும்.

எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது யாரும் வண்டிக்கு அடியில் போகக் கூடாது, கையையும் விடக் கூடாது. நியூட்ரலில்தான் இருக்கிறது என்று ஒருவர் சொல்ல, உள்ளே இருக்கும் பிள்ளை கியரைத் தட்டிவிட, மிச்சமிருக்கும் முன் பாதி சுழன்றால் கை போய்விடும். சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் நான் குனிவேன்.

கிளம்பும்போது ‘டக்’ என்றதும், அந்தச் செங்கல் தூளும் ஒரே ஆள் அனுப்பிய கடிதம். கிராஸின் கப்புக்குள் ஊசி ஊசியாக உருளைகள் இருக்கும். கிரீஸ் வற்றினால் துருப்பிடித்துப் பொடியாகி சீல் வழியாக வெளியே வரும். வற்ற ஆரம்பிக்கும்போது மெதுவாகப் போகையில் கிரீச் கிரீச் என்று குருவிச் சத்தம், வேகத்தோடு சேர்ந்து சத்தமும் வேகமாகும். அப்புறம் முன்னாலிருந்து ரிவர்ஸுக்கு மாற்றும்போது ‘டக்’. அதற்கப்புறம் அதிர்வு. சஸ்பென்ஷன் புஷ் என்று சொன்னவர் ஷாஃப்ட்டைக் கையால் பிடித்து ஆட்டிப் பார்த்திருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும். வண்டியை நியூட்ரலில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, கிராஸ் இருக்கும் ஜாயிண்ட்டின் இரண்டு பக்கத்தையும் எதிரெதிராகத் திருகிப் பார்க்க வேண்டும். நல்ல கிராஸில் கைக்குத் தட்டுப்படும் ஆட்டமே இருக்கக் கூடாது.


செம்மண்பாதை எழுதியது:

அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். என்னிடம் இருப்பது தேவையானபோது மட்டும் முன் சக்கரத்தைச் சேர்க்கும் ஃபோர் வீல் டிரைவ். காட்டுப் பாதையில் பின் ஷாஃப்ட்டின் கிராஸ் உடைந்தபோது, இரண்டு முனையிலும் இருந்த ஃபிளான்ஜ் (ஷாஃப்ட்டைப் போல்ட் போட்டு மாட்டும் வட்டத் தட்டு) போல்ட்டைக் கழற்றி ஷாஃப்ட்டையே வண்டிக்குள் தூக்கிப் போட்டுவிட்டு, ஃபோர் வீலில் போட்டேன். முன் சக்கரம் மட்டும் இழுத்து மெதுவாக வீடு வந்து சேர்ந்தேன். இந்த வசதி இருக்கும்போது ரோட்டில் படுத்துக் கிடக்கத் தேவையில்லை.

ஆனால் நம்பி இறங்குவதற்கு முன் உங்கள் வண்டியின் ஷாஃப்ட் எப்படி மாட்டியிருக்கிறது என்று வீட்டிலேயே பார்த்து வையுங்கள். முன் முனை ஃபிளான்ஜில் போல்ட் போட்டதாக இருந்தால் கவலையில்லை. கியர்பாக்ஸின் வாலுக்குள் செருகியிருக்கும் வகையாக இருந்தால், உருவிய உடனே எண்ணெய் கொட்டும், அடைக்காமல் ஓட்டினால் உள்ளே எல்லாம் போய்விடும். எப்போதுமே நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியென்றால் நடு டிஃபரன்ஷியலை லாக் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் சக்தியெல்லாம் ஷாஃப்ட் இல்லாத பக்கமாகவே போய், வண்டி நகராது. லாக் இல்லாத, தானாக மாறிக்கொள்ளும் புது வகை வண்டிகளில் இந்த வேலையை முயற்சி செய்ய வேண்டாம்.

கழற்றும் முன் சக்கரத்துக்குக் கட்டை போட மறக்காதீர்கள். உடைந்தும் உடையாமலும் இருக்கும் ஷாஃப்ட் சில நேரம் வண்டியைப் பிடித்துக்கொண்டிருக்கும். கடைசி போல்ட்டை நீங்கள் எடுத்ததும் வண்டி உங்கள் மேலேயே உருளும். நான் 13, 14 ரிங் ஸ்பேனர், கட்டுக்கம்பி, பழைய டயர் டியூபில் வெட்டிய பட்டை, இரண்டு மர ஆப்பு, இவ்வளவும் எப்போதும் வண்டியில் வைத்திருக்கிறேன். உங்கள் ஃபிளான்ஜுக்கு எந்த அளவு ஸ்பேனர் என்று பார்த்து அதை வையுங்கள். டியூப் பட்டை எதற்கென்றால், கழன்ற கப்புகள் கிராஸிலிருந்து விழுந்துவிடாமல் சுற்றிக் கட்ட. கப் விழுந்தால் ஊசிகள் மண்ணில் சிதறிவிடும்.


இரவுப்பணி எழுதியது:

என்னுடையது முன் சக்கர இழுவை உள்ள சின்ன கார், ஆட்டோமேட்டிக். எனக்கும் இதே அனுபவம் உண்டு, அதனால் எழுதுகிறேன். மருத்துவமனையில் இரவு வேலை முடித்துத் திரும்பும்போது இடது பக்கத்து டிரைவ் ஷாஃப்ட் (இந்த வகையில் முன் சக்கரம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஷாஃப்ட்) உள் ஜாயிண்ட்டோடு கழன்றது. பார்க்கில் போட்டுக் கதவைத் திறந்தேன், கார் நகர ஆரம்பித்தது. கதவு திறந்த நிலையில் ஒரு கால் வெளியே, ஒரு கால் உள்ளே. பிரேக்கை மிதிக்க முடிந்தது, அவ்வளவுதான். இந்த விஷயத்தைக் கார் வாங்கும்போது யாரும் சொல்வதில்லை. ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் இது.

எனக்கு ஒரு சந்தேகம். வலது பக்கத்து ஷாஃப்ட் நன்றாகத்தானே இருந்தது? அந்த ஒரு சக்கரமாவது இழுத்திருக்க வேண்டாமா, பார்க்கில் பிடித்திருக்க வேண்டாமா?


கிரீஸ்துணி எழுதியது:

நல்ல கேள்வி அம்மா. இடையில் டிஃபரன்ஷியல் இருக்கிறது, அதுதான் காரணம். வளைவில் இரண்டு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற வேண்டும் என்பதற்காக, எந்தப் பக்கம் எளிதாகச் சுற்றுகிறதோ அந்தப் பக்கம் போக விடுவது அதன் குணம். கழன்ற பக்கத்தில் தடையே இல்லை. எஞ்சின் கொடுப்பதெல்லாம் அங்கே வீணாகச் சுற்றும். பார்க்கில் போட்டாலும் அப்படித்தான். நல்ல பக்கத்துச் சக்கரம் உருளும்போது, அறுந்த பக்கம் எதிர்த்திசையில் சும்மா சுற்றிக் கொடுக்கும். கொக்கி விழுந்திருந்தும் கார் நகரும். ஒரு ஷாஃப்ட் போனால் இரண்டும் போன மாதிரிதான்.

முன் சக்கர வண்டிக்காரர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். உடைந்த ஷாஃப்ட்டை உருவிப் போட்டுவிட்டுக் கயிறு கட்டி இழுத்துப் போகலாம் என்று சிலர் சொல்வார்கள். பல கார்களில் வெளி ஜாயிண்ட்டின் தண்டும் அதன் பெரிய நட்டும்தான் சக்கரத்தின் பேரிங்கை இறுக்கிப் பிடித்திருக்கும். அது இல்லாமல் உருட்டினால் பேரிங் பிரிந்துவிடும். கியர்பாக்ஸ் பக்கமும் எண்ணெய் கொட்டும். முன் சக்கரம் இரண்டையும் தூக்கி வைத்தோ, முழு வண்டியையும் ஏற்றியோதான் கொண்டுபோக வேண்டும்.

அறிகுறி என்று பார்த்தால், ஸ்டீரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பும்போது ‘டக் டக் டக்’ என்று வரிசையாகக் கேட்டால் வெளி ஜாயிண்ட். நேராகப் போகும்போது அழுத்தினால் உடல் குலுங்கி, காலை எடுத்தால் நின்றுபோனால் உள் ஜாயிண்ட். எல்லாவற்றுக்கும் முன்னால், சக்கரத்தின் உள்பக்க ரிம்மில் கருப்பாக கிரீஸ் தெறித்திருக்கும். ஜாயிண்ட்டை மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழிந்துவிட்டது என்று அர்த்தம். கிழிந்த உடனே பார்த்து, பூட்டையும் கிரீஸையும் மாற்றினால் ஜாயிண்ட் பிழைத்துக்கொள்ளும். சத்தம் வந்த பிறகு பூட் மாற்றுவதில் பிரயோஜனம் இல்லை.

கிளச் போனதா ஷாஃப்ட் போனதா என்று தெரியாமல் முழிப்பவர்களுக்கு: கால் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கியரில் போட்டு, கிளச்சை மெதுவாக விட்டு ஸ்பீடோமீட்டரைப் பாருங்கள். கியர்பாக்ஸிலிருந்து கேபிள் போகும் வண்டியாக இருந்து, நிற்கும் வண்டியில் முள் ஏறினால் கியர்பாக்ஸ் வரை எல்லாம் நலம், அதற்கப்புறம்தான் அறுந்திருக்கிறது. ஆனால் சுழலும் முனை எதையும் அடிக்காது என்று தெரிந்தால் மட்டும் ஒரே ஒரு நொடி பாருங்கள். தடதடவென்று அடித்த பிறகு நின்ற வண்டியில் இந்தச் சோதனை தேவையே இல்லை.


வேன்காரன் எழுதியது:

அண்ணே, இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு நன்றி. கொக்கி, டிஃபரன்ஷியல் எல்லாம் இப்போது விளங்குகிறது. பைப்பைத் தடவிப் பார்த்தோம். பின் பிரேக் பைப்பில் ஓர் இடம் தட்டையாகியிருந்தது, மாற்றச் சொல்லிவிட்டேன்.

ஷாஃப்ட்டை இறக்கி மூன்று கிராஸும் புதிதாகப் போட்டு நேற்று மாட்டினார்கள். கிளம்பும்போது வந்த ‘டக்’ போய்விட்டது. ஆனால் 50 தாண்டினால் இருக்கைக்கு அடியில் ஒரு நடுக்கம். கியர் மாற்றினாலும், கிளச்சை மிதித்து எஞ்சின் சுற்றைக் குறைத்தாலும் நடுக்கம் அப்படியே இருக்கிறது. வண்டியின் வேகம் குறைந்தால்தான் அடங்குகிறது. புது கிராஸ் போட்டும் ஏன்? டயர் பேலன்ஸ் பார்க்கலாம் என்கிறார்கள்.


கிரீஸ்துணி எழுதியது:

கிளச் மிதித்தும் மாறவில்லை என்றால் எஞ்சின் இல்லை. கிளச்சுக்குப் பின்னால் இருக்கும் எதுவோ. டயரும் இருக்கலாம்தான். ஆனால் இப்போது கழற்றி மாட்டியது ஷாஃப்ட்டை, டயரை யாரும் தொடவில்லை. அதனால் அங்கேயே தேடுவோம்.

கிராஸ் ஜாயிண்ட் கோணத்தில் சுற்றும்போது ஒரு பழக்கம் உண்டு. உள்ளே சீராகச் சுற்றினாலும் வெளியே சீராக வராது. ஒரு சுற்றுக்குள் இரண்டு முறை வேகம் கூடும், இரண்டு முறை குறையும். கோணம் 10 டிகிரி என்றால் ஏற்ற இறக்கம் ஒன்றரை சதவீதம்தான். 30 டிகிரி என்றால் கீழே 13, மேலே 15 சதவீதம் வரை போய்விடும். இந்தக் கோணலை அடுத்த ஜாயிண்ட் எதிர்த்திசையில் செய்து சரிக்கட்டுகிறது. அதற்காகத்தான் ஒரே குழாயின் இரண்டு முனையிலும் இருக்கும் கவைகள் (கிராஸைப் பிடிக்கும் இரட்டைக் கொம்புகள்) ஒரே தளத்தில் நிற்க வேண்டும், இரண்டு ஜாயிண்ட்டின் கோணமும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும்.

உங்கள் ஷாஃப்ட் இரண்டு துண்டு. நடுவில் நீண்டு சுருங்கும் ஸ்ப்ளைன் பல் இருக்கும். அதை உருவி மறுபடி செருகும்போது ஒன்றிரண்டு பல் தள்ளிச் செருகினால் போதும், கவைகள் ஒரே தளத்தில் நிற்காது. சரிக்கட்ட வேண்டிய ஜாயிண்ட் கூடவே சேர்ந்து உதறும். 50 கிலோமீட்டரில், நான் முன்னால் சொன்ன கணக்குப்படி, ஷாஃப்ட் நிமிஷத்துக்கு 1700 சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாகச் சுற்றும், உதறல் அதில் இரண்டு மடங்கு. இருக்கைக்கு அடியில் நீங்கள் உணர்வது இதுவாக இருக்கலாம்.

ஸ்ப்ளைனின் இரண்டு பாகத்திலும் அம்புக்குறி குத்தியிருக்கிறதா என்று கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் பாருங்கள். துருவுக்கும் கிரீஸுக்கும் அடியில் இருக்கும். இரண்டு அம்பும் நேருக்கு நேர் நிற்க வேண்டும். குறி இல்லையென்றால் ஷாஃப்ட்டை இறக்கிச் சமதளத்தில் வைத்துக் கவைகளை நேராக்குங்கள். கழற்றும் முன் ஃபிளான்ஜில் வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்திருந்தார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் ஃபிளான்ஜை அரைச் சுற்றுத் திருப்பி மாட்டிப் பார்க்கலாம்.

அதோடு, ரோட்டில் உரசிய குழாய் இது. நசுங்கல் இருந்தாலோ, குழாயில் ஒட்டியிருக்கும் சின்ன பேலன்ஸ் தகடு ஒன்று தெறித்துப்போய், அது இருந்த வெல்டிங் தழும்பு மட்டும் தெரிந்தாலோ, அம்பை நேராக்கியும் நடுக்கம் போகாது. பேலன்ஸ் மெஷினில் ஏற்ற வேண்டும். சென்டர் பேரிங்கைச் சுற்றியிருக்கும் ரப்பரையும் ஸ்க்ரூடிரைவரால் நெம்பிப் பாருங்கள், அடி வாங்கினால் அது முதலில் கிழியும்.


வேன்காரன் எழுதியது:

அம்பு இருந்தது அண்ணே. தேய்த்ததும் தெரிந்தது. இரண்டு பல் தள்ளி நின்றது. உருவி நேராக்கிச் செருகினோம். நடுக்கம் பெருமளவு போய்விட்டது, 70 தாண்டினால் லேசாக மிச்சம் இருக்கிறது. குழாயில் ஒரு தகடு இருந்த தழும்பும் கண்ணில் பட்டது. அதனால் நாளை பேலன்ஸுக்குக் கொண்டுபோகிறேன். டிஃபரன்ஷியல் வாயில், ஃபிளான்ஜ் நுழையும் இடத்தில் மெல்லிய எண்ணெய்க் கசிவும் புதிதாகத் தெரிகிறது. அதையும் பார்க்க வேண்டுமா?


கிரீஸ்துணி எழுதியது:

கட்டாயம் பார்க்க வேண்டும். கழன்ற முனை அடித்தபோது அந்தத் தண்டும் சேர்ந்து அடி வாங்கியிருக்கும். ஷாஃப்ட்டை எப்படியும் இறக்கப் போகிறீர்கள், அப்போதே ஃபிளான்ஜைக் கையால் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். ஆட்டம் இல்லையென்றால் சீல் மட்டும் மாற்றினால் போதும். ஆட்டம் இருந்தால் அந்தத் தண்டைத் தாங்கும் பினியன் பேரிங் போயிருக்கிறது, சீல் போட்டாலும் நிற்காது. எண்ணெய் அளவையும் பார்த்து நிரப்பிவிட்டுப் பேலன்ஸுக்கு அனுப்புங்கள்.